கரம் ஆடிப் பழகிய விரலோடு பூல் மேசைக்கு வருபவர்களுக்கு

பூல் என்றால், கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைக் குழிக்குள் போடும் ஆட்டம். உப்புவெளியில் நான் பார்த்துக்கொள்ளும் பூல் மேசைக்கு வரும் தம்பிமார் எல்லோரும் ஏதோ ஒரு நாளில் இதைக் கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு மட்டும் கை எப்படி அப்படிப் போகிறது? அவர்களின் ரத்தத்திலேயே இருக்கிறதா?" கைபேசியில் பிலிப்பைன்ஸின் பெரிய ஆட்டக்காரர் எஃப்ரென் ரெயெஸின் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் கேட்பது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால் முகம் வாடிவிடும். எல்லாம் பயிற்சிதான் தம்பி என்றால், "நானும் தினமும் வருகிறேனே" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. தினமும் வருகிறவர்களில் பலர், வருடங்கள் போன பிறகும் முதல் மாதத்தில் ஆடிய ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய ஆட்டக்காரர்களுக்கு அவர்களின் நாடு எதைக் கொடுத்தது, அதில் எதை நாம் திருகோணமலையில், ஏழடி மேசையில், உப்புக் காற்றுக்கு நடுவே இரவல் வாங்கலாம், எதை வாங்கவே முடியாது என்று ஒரு கணக்குப் பார்த்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினால் பாதி நேரம் மிச்சம்.

நாடு என்று சொல்வதில் பாதி, பக்கத்தில் இருந்த மேசை

ரெயெஸ் 1954இல் பம்பங்கா மாகாணத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் மணிலாவுக்கு, மாமாவின் பூல் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எடுபிடி வேலை. இரவில் மேசைமேலேயே படுக்கை. உயரம் எட்டாததால் குளிர்பானப் பெட்டிகளை அடுக்கி ஏறி நின்று அடித்துப் பழகியிருக்கிறார். அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மொஸ்கோனியின் தகப்பனார் பிலடெல்பியாவில் பூல் கூடம் வைத்திருந்தார். மகன் அதைத் தொடக் கூடாது என்று பந்துகளைப் பூட்டி வைக்க, பையன் உருளைக்கிழங்கையும் தும்புத்தடிக் கம்பையும் வைத்துப் பழகினான் என்பது அந்த ஆட்டத்தில் எல்லோரும் அறிந்த கதை. அவர்தான் 1954இல் ஒரே மூச்சில் 526 பந்துகளைப் போட்டவர். தென் டகோட்டாவின் ஷேன் வான் போனிங்கின் வீட்டில் தாயும் தாத்தாவும் ஆட்டக்காரர்கள். பிறவியிலேயே காது கேட்பது குறைவு. ஆடும்போது காதுக் கருவியை நிறுத்திவிடுவார். அமெரிக்காவின் பெரிய போட்டியான யு.எஸ். ஓபனை ஐந்து தடவை வென்று, 2022இல் உலகப் பட்டத்தையும் எடுத்தார்.

மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது கொடியின் நிறமில்லை. சின்ன வயதில், கதவு திறந்திருந்த ஒரு கூடமும், சும்மா கிடந்த ஒரு மேசையும், கூட ஆட ஒரு பெரிய ஆளும் இருந்தார்கள். பிலிப்பைன்ஸில் அப்படிப்பட்ட மேசை தெருவுக்குத் தெரு கிடைத்தது; அதனால்தான் அந்த நாட்டில் ஆட்டக்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். ஃபெடோர் கோர்ஸ்டைப் பாருங்கள். ரஷ்யாவில் பிறந்து 2019இல் உலகப் பட்டம் எடுத்தார். அமெரிக்காவில் குடியேறி 2024இல் மறுபடியும் எடுத்தார். கடவுச்சீட்டு மாறியதால் கை மாறிவிடவில்லை.

ஆனாலும் நாட்டுக்கு நாடு ஆட்டம் வேறுபடுவதும் உண்மை. சின்ன வயதில் விளையாட்டாக எந்த ஆட்டத்தை ஆடினார்களோ அது கையில் தங்கிவிடுகிறது. இங்கிலாந்துக்காரர்கள் ஸ்னூக்கரில் வளர்ந்தவர்கள். பன்னிரண்டு அடி மேசையில் 52.5 மில்லிமீட்டர் பந்தைச் சிறிய குழிக்குள் போட்டு வளர்ந்தவர்களுக்கு, கோல் நூல் பிடித்தாற்போலப் போகும். அலிசன் ஃபிஷர் 1995இல் ஸ்னூக்கரை விட்டு அமெரிக்காவுக்குப் போய்ப் பெண்கள் பூலை வருடக்கணக்கில் தன் கையில் வைத்திருந்ததற்கு அதுவே அடித்தளம். நமக்கும் சின்ன வயதில் ஓர் ஆட்டம் இருந்தது.

கரம் கொடுத்ததும் கெடுத்ததும்

திருகோணமலையில் கரம் பலகை இல்லாத சனசமூக நிலையம் அருமை. உவர்மலையானாலும் கிண்ணியாவானாலும் மாலையானதும் நான்கு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஆட்டத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கு உலகத்தரம் உண்டு. சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகப் பட்டம் எடுத்தார். இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ 2012இல் கொழும்பில் உலகப் பட்டத்தை வென்றார். ஆகவே மேசைக்கு முதல்முறை வரும் நம் பையனை ஒன்றும் தெரியாதவன் என்று நான் எண்ணுவதே இல்லை. காயை எவ்வளவு மெல்லியதாகத் தொட்டால் எந்தப் பக்கம் போகும் என்பது அவன் கண்ணுக்குத் தெரியும். ஓரக் கட்டையில் பட்டுத் திரும்பும் கோணம் தெரியும். அடுத்த காய்க்கு இடம் பண்ணிக்கொண்டு இந்தக் காயை அடிக்கத் தெரியும். சிவப்பைப் போட்டுவிட்டு அதற்குத் துணைக்காய் போட வேண்டிய நெருக்கடியில் நெஞ்சு படபடப்பது என்றால் என்னவென்றும் தெரியும். இவ்வளவும் இலவசமாகக் கிடைத்த முதல்.

கெடுத்தது ஒன்று இருக்கிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரமில் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராம் வரை. காய் ஐந்து, ஐந்தரை கிராம். கனமானது இலேசானதை இடிக்கிறது. ஆகவே ஸ்ட்ரைக்கர் காயைத் தள்ளிவிட்டுத் தன் பாதையிலிருந்து சற்றே விலகி முன்னால் போய்க்கொண்டேயிருக்கும். மெல்லிய தொடலோ முழு அடியோ, அதன் திசை பெரிதாக முறிவதில்லை. பூலில் வெள்ளைப் பந்தும் மற்றப் பந்துகளும் ஏறக்குறைய ஒரே எடை, ஒரே அளவு, 57.15 மில்லிமீட்டர். ஒரே எடையுள்ள இரண்டு பந்துகள் மோதும்போது, வெள்ளை உருளாமல் வழுக்கிக்கொண்டு வந்து இடித்தால், இடிபட்ட பந்து போகும் திசைக்குச் செங்குத்தாக வெள்ளை விலகிவிடும். நேராக இடித்தால் நின்றுவிடும். உருண்டு வந்து இடித்தால் செங்குத்தாகப் புறப்பட்டு வளைந்து முன்னால் ஏறும். ஓரளவு பாதிப் பந்து அளவில் இடிக்கும் அடிகளில் முதல் பாதையிலிருந்து சுமார் 30 பாகை விலகிப் போகும்.

கரம் பழகியவனுக்கு இது புரியும் வரை வெள்ளைப் பந்து பேய் பிடித்தது போலத் தோன்றும். பந்தை அழகாகக் குழிக்குள் போட்டுவிட்டு, வெள்ளை பக்கக் குழிக்குள் விழுவதைப் பார்த்துத் தலையில் கைவைப்பான். "நான் அங்கே அடிக்கவே இல்லையே அண்ணா!" என்பான். அங்கேதான் அடித்தான், அவன் மனது இன்னும் 15 கிராம் ஸ்ட்ரைக்கரை எதிர்பார்க்கிறது.

இதற்கு மருந்து விரலிலேயே இருக்கிறது. சுட்டு விரலையும் நடுவிரலையும் நன்றாக விரித்து மேசைமேல் பிடியுங்கள். இடைவெளி ஏறக்குறைய 30 பாகை வரும். ஒரு விரலை நீங்கள் குறிபார்க்கும் கோட்டில் வைத்தால், வெள்ளை உருண்டு போய் மோதியபின் எந்தப் பக்கம் விலகும் என்பதை மற்ற விரல் காட்டும். மிக மெல்லிய தொடலுக்கும் ஏறக்குறைய நேரான அடிக்கும் இது பொருந்தாது, இடைப்பட்டவற்றுக்குப் பொருந்தும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் வெள்ளை எந்த இடத்தில் கட்டையைத் தொடும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடியுங்கள். பந்து விழுந்ததா என்பது அப்போது இரண்டாம் பட்சம். இதை ஒரு மாதம் விடாமல் செய்த பையன்களை நான் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வேன்; அடித்த பிறகு அவர்கள் கண் குழியைப் பார்க்காது, வெள்ளையைப் பார்க்கும்.

முதலில் மேசை

பயிற்சிக்கு முன் மேசையின் துணியைத் தூரிகையால் ஒரே திசையில் துடையுங்கள். பந்துகளை இளஞ்சூட்டு நீரில் மெல்லிய சவர்க்காரம் போட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் துடையுங்கள். இது வெறும் அழகுக்காக இல்லை. கோலின் நுனியில் பூசும் சோக்குத் தூளும் கைப்பிசுக்கும் ஒட்டிய பந்து, மோதும் கணத்தில் மற்றப் பந்தைப் பற்றி இழுத்து, குறிபார்த்த கோட்டை விட்டு விலக்கிவிடும். அழுக்குப் பந்தில் கோணம் பழகினால் பிழையான கோணத்தைத்தான் பழகுவீர்கள். மேசை மட்டமா என்று பார்க்க, ஒரு பந்தை மிக மெதுவாக நீளவாக்கில் உருட்டி, நிற்கும் நேரத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்தால் போதும். கோலின் நுனித்தோல் நாணயத்தின் ஓரம் போல வளைந்திருக்க வேண்டும். தட்டையாகிப் பளபளத்தால் சோக்கு ஒட்டாது. விடுதி மேசைகளில் கிடக்கும் கோல்களில் பெரும்பாலானவை அப்படித்தான் கிடக்கின்றன. சொந்தமாக ஒரு கோல் வாங்குங்கள், விலை குறைந்ததானாலும் பரவாயில்லை, ஒரே கோல்.

நிறுத்தல் அடி

ஆண்டர்ஸ் எரிக்ஸன் என்ற உளவியலாளர் 1993இல் பெர்லினில் வயலின் மாணவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வைப் பலரும் பத்தாயிரம் மணி நேரம் என்று சுருக்கிவிட்டார்கள். அதில் எனக்குப் பயன்படுவது மணிக்கணக்கு இல்லை. தன்னால் இன்னும் முடியாத ஒன்றைக் குறிவைத்து, பிழையை உடனே கண்டு, அதைத் திருத்தித் திருத்திச் செய்வதுதான் பயிற்சி என்ற பகுதியையே நான் எடுத்துக்கொள்கிறேன். நண்பர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு எய்ட் பால் என்ற வழக்கமான பூல் ஆட்டத்தை ஆடுவது நல்ல பொழுதுபோக்கு. அதைப் பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள்.

பிழையை உடனே காட்டிவிடும் அடி, நேர்கோட்டில் நிறுத்தல் அடி. புத்தகக் கடையில் கோப்புத் தாள்களின் துளைக்கு ஒட்டும் வெள்ளை வளையங்கள் விற்பார்கள். அதில் இரண்டை எடுத்து, மூலைக்குழியோடு ஒரே கோட்டில் வருமாறு, ஒன்றிலிருந்து மற்றது இரண்டு அடி தூரத்தில் துணிமேல் ஒட்டுங்கள். ஒன்றில் வெள்ளை, மற்றதில் ஏதாவது ஒரு பந்து. வெள்ளையின் நடுவுக்குச் சற்றுக் கீழே அடித்து, அது மோதிய இடத்திலேயே நிற்க வேண்டும்.

இப்போது குனிந்து வெள்ளையை மட்டும் பாருங்கள். நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றுகிறதா? கோல் நடுவில் படவில்லை. சுற்றும் திசையே எந்தப் பக்கம் பட்டது என்று சொல்லும். சுற்றாமல் இடது பக்கம் ஓர் அங்குலம் நகர்ந்ததா? பந்தின் நடுவை விட்டு இடதுபுறமாகத் தொட்டிருக்கிறீர்கள். குழியின் வாய் மன்னித்து ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். மெல்ல முன்னால் ஊர்கிறதா? போகும் வழியில் பின்சுழற்சி தீர்ந்துபோய் உருளத் தொடங்கிவிட்டது; இன்னும் கீழே, அல்லது இன்னும் வேகமாக. பந்து குழிக்குள் விழுந்துவிட்டதே என்று திருப்திப்படுகிறவர்களுக்கு இந்த மூன்று சேதியும் கிடைப்பதில்லை. பத்து அடியில் எட்டு சுத்தமாக நின்றால் வெள்ளையின் வளையத்தை ஒரு சாண் பின்னால் நகர்த்துங்கள். ஐந்துக்குக் கீழே போனால் ஒரு சாண் முன்னால். இந்தப் பின்னேற்றமும் முன்னேற்றமும்தான் பயிற்சி.

வீட்டில் மேசை இல்லாதவர்கள் வெற்றுச் சோடாப் போத்தலைச் சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்து, கோலின் நுனி கழுத்தைத் தொடாமல் உள்ளே போய் வர வேண்டும் என்று பழகலாம். போத்தல் கிணுங்கினால் கை கோணுகிறது. முழங்கையை அசைக்காமல் முன்கை மட்டும் ஊசலாடப் பழக இதைவிட மலிவான வழி இல்லை. கரம்காரர்களுக்கு இது கட்டாயம். விரலில் இருந்த விசையைத் தோளுக்குக் கொண்டுபோய், கடைசி நேரத்தில் கோலைத் திருகிவிடுவார்கள்.

61 ஆட்டம்

துறைமுகத்துக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல் ஒன்றிலிருந்து ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி சில மாலைகள் எங்கள் மேசைக்கு வந்திருந்தார். ரப்பர்ச் செருப்பு, அரைக்காற்சட்டை. கோலின் பின்பகுதியை மூன்று விரலால் தொங்கவிட்டாற்போலப் பிடித்தார். கோலைத் தாங்க மேசைமேல் வைக்கும் முன்கைப் பாலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே எங்களில் யாரும் விடாத அளவு நீளம். அடிக்குமுன் ஆட்டிப் பார்க்கும்போது நுனி துணியை உரசும் அளவுக்குத் தாழ்ந்து நின்றது. அடிக்கும் கணத்தில் மட்டும் எழுந்து வேண்டிய இடத்தில் பட்டது. இங்கிலாந்துப் பாணி பழகியவர்கள் பார்த்தால் திட்டுவார்கள். பந்துகளோ ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே. அந்தப் பிடியை அப்படியே பின்பற்ற முயன்ற எங்கள் பையன்களின் ஆட்டம் இரண்டு வாரம் நாசமாகப் போனது. பிடியை இரவல் வாங்காதீர்கள். அது அவர்களின் பழைய துணிக்கும் கனத்த காற்றுக்கும் பல வருடங்களில் பழகிய மணிக்கட்டு.

அவரிடமிருந்து வாங்க வேண்டியது ரொட்டேஷன் என்ற 61 ஆட்டம். பதினைந்து பந்தையும் அடுக்குங்கள். மேசையில் உள்ள மிகச் சிறிய எண்ணுள்ள பந்தைத்தான் வெள்ளை முதலில் தொட வேண்டும். எந்தப் பந்து விழுந்தாலும் அதன் எண்ணே புள்ளி. ஒன்று முதல் பதினைந்து வரை கூட்டினால் 120. முதலில் 61 எடுப்பவர் வென்றார். எய்ட் பாலில் ஏழு பந்தில் எது வசதியோ அதை அடிக்கலாம். இதில் தெரிவே இல்லை. ஒன்றாம் எண் பந்து ஒன்பது பந்துகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நேராகத் தொட வழியிருக்காது. கட்டையில் அடித்துத் திருப்பித்தான் தொட வேண்டும். ஒரு நாடு முழுக்கச் சின்ன வயதிலிருந்து இதை, பெரும்பாலும் காசு வைத்து, ஆடினால் என்ன விளையும்? 1995இல் அமெரிக்காவின் ரீனோவில் எர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராக, ஒளிந்திருந்த பந்தை இரண்டு கட்டைகளில் திருப்பி ரெயெஸ் குழிக்குள் போட்ட அடி விளையும். மந்திரவாதி என்று பட்டம் கொடுத்தார்கள். அந்த மந்திரத்தை அவர் 61 ஆட்டத்தில் ஆயிரக்கணக்கான முறை, கட்டாயத்தின்பேரில் செய்து பழகியிருந்தார். 1985இல் சீஸர் மொராலெஸ் என்ற பொய்ப்பெயரில் அமெரிக்காவுக்குப் போய், 1994இல் யு.எஸ். ஓபனை வென்ற முதல் வெளிநாட்டவராகி, 1999இல் கார்டிஃபில் உலகப் பட்டமும் எடுத்தார்.

கட்டையில் திருப்பும் அடிக்குக் கண்ணளவு மட்டும் போதாது. நம் பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் படித்ததே உதவும். வெள்ளையிலிருந்து கட்டைக்கு நேர் செங்குத்தாக ஒரு புள்ளி, குறிப்பந்திலிருந்து கட்டைக்கு நேர் செங்குத்தாக ஒரு புள்ளி. இப்போது வெள்ளையிலிருந்து குறிப்பந்தின் புள்ளிக்கு ஒரு கோலையும், குறிப்பந்திலிருந்து வெள்ளையின் புள்ளிக்கு மற்றொரு கோலையும் காற்றில் பிடியுங்கள். இரண்டும் வெட்டும் இடத்திலிருந்து கட்டைக்கு நேராக இறங்கினால், அடிக்க வேண்டிய இடம் அதுதான். மிதமான வேகத்தில், பக்கச் சுழற்சி இல்லாமல் அடித்தால் ஏறக்குறைய சரியாக வரும். வேகம் கூடினால் பந்து கட்டைக்குள் அமுங்கி, கோணம் குறுகித் திரும்பும். பயிற்சியின்போது கோல் பிடித்துப் பாருங்கள். ஆட்டத்தின்போது கண்ணே பார்த்துக்கொள்ளும்.

காசு விஷயத்தில் என் கருத்து கறாரானது. பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்களைப் பந்தயம் கூர்மையாக்கியது என்று சொல்லிக்கொண்டு கூலிப் பணத்தை மேசையில் வைக்கும் பையன்களை நான் ஆட விடுவதில்லை. தோற்றவர் பிளேன் டீயும் ரோல்ஸும் வாங்கட்டும். நெஞ்சு படபடக்க அது போதும்.

இரண்டு நோட்டு

ஜெர்மனியில் பூல், கழகங்களுக்குள் வளர்ந்தது. அங்கத்துவம், வாராந்த லீக், பயிற்றுநர், தரத்தேர்வு. ஓர்ட்மன் 1995இலும், சூக்கே 1996இலும், ஹோமன் 2003இலும் 2013இலும், ஃபில்லர் 2018இலும் உலகப் பட்டம் எடுத்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஓர் ஆள் வந்துகொண்டேயிருக்கிறார். நமக்கு அந்த அமைப்புக் கிடைக்காது. அதன் நோட்டுப் புத்தகம் கிடைக்கும். எந்த அடி, எவ்வளவு தூரம், பத்தில் எத்தனை என்று தேதியோடு எழுதுங்கள். பிழையின் வகையையும் ஒரு சொல்லில் எழுதுங்கள்: இடது, வலது, வேகம் குறைவு. சில வாரங்களில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அடுத்த மாதப் பாடம் அதுதான்.

இங்கே நோட்டு இரண்டு வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் துணி காய்ந்து பந்து ஓடும். மார்கழி வாடையில், மழை ஜன்னலால் அடிக்கும்போது, அதே துணி ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும். பின்னிழுத்து அடித்த வெள்ளை கச்சானில் இரண்டடி திரும்பி வந்தது, வாடையில் ஓரடியோடு படுத்துவிடும். சுழற்சி துணியிலேயே தேய்ந்துபோகிறது. ஐரோப்பாவில் குழியில்லாத பில்லியர்ட்ஸ் மேசைகளுக்குக் கல்லுக்கு அடியில் சூடேற்றி ஈரத்தை விரட்டுவார்கள். நாம் மேசைக்கு மூடு துணி போட்டு, மழை நாட்களில் கதவைச் சாத்தி, கூரை விசிறியை முன்கூட்டியே ஓடவிட்டுச் சமாளிக்கிறோம். இரண்டு பருவத்தின் எண்களையும் ஒரே நோட்டில் கலந்து எழுதினால், வாடையில் நம் கை கெட்டுவிட்டது என்று நினைத்து, நன்றாக இருக்கும் அடியை மாற்றிக் குட்டிச்சுவராக்குவோம்.

ஈர மேசையில் ஆடிப் பழகியது வீண் என்று எண்ண வேண்டாம். கனத்த துணியில் வெள்ளையை நகர்த்த, சுத்தமாக அடித்தே ஆக வேண்டும். மணிலாவின் காற்றும் ஈரம்தான்.

எதிராளி எங்கே

நமக்கு உண்மையில் இல்லாதது இதுதான். தைவானின் வூ சியா-சிங் 2005இல் காவ்சியுங்கில் உலகப் பட்டம் எடுத்தபோது வயது 16. இறுதி ஆட்டத்தில் 12க்கு 16 என்று பின்தங்கியிருந்து 17க்கு 16 என்று வென்றார். எதிரே நின்றவரும் தைவான்காரர். தன் ஊரிலேயே உலக இறுதிக்கு வரக்கூடிய ஆட்கள் இருக்கும் இடத்தில் வளர்வது என்றால் அது. இலங்கைக்கு எந்த விளையாட்டிலும் கிடைத்த முதல் உலகப் பட்டம், எம். ஜே. எம். லாபிர் 1973இல் பம்பாயில் வென்ற அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் என்பது நம் பையன்களில் பலருக்குத் தெரியாது. ஆகவே இந்த மண்ணுக்கு வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் அவருக்குக் கொழும்பு இருந்தது.

நமக்கு மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளியும் நிலாவெளியும் இருக்கின்றன. அந்த மாதங்களில் நீச்சலுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் வரும் வெளிநாட்டவர்களில், சொந்த ஊரில் லீக் ஆடும் ஒருவராவது மாதத்துக்கு ஒரு முறை தட்டுப்படுவார். சோக்குப் பூசும் விதத்திலேயே தெரிந்துவிடும். மரியாதையாகக் கேட்டால் ஆடுவார்கள். எட்டு ஆட்டமும் தோற்றாலும் பரவாயில்லை. தோற்ற ஆட்டத்தில் அவர் வெள்ளையை எங்கே எங்கே நிறுத்தினார் என்பதை இரவிலேயே நோட்டில் படமாக வரைந்துவிடுங்கள். பருவத்தில் எதிராளி, பருவம் ஓய்ந்ததும் வளையமும் நிறுத்தல் அடியும். நவம்பரில் மேசை நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். அப்போது வருகிறவர்தான் மே மாதத்தில் ஆட்டம் காட்டுகிறார். கிண்ணியாவிலிருந்து மழையோடு மழையாக வந்து போகும் நானா ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். அவரைத் தோற்கடிக்க இப்போது எந்த இளைஞனும் முன்வருவதில்லை.

பெண்பிள்ளைகளும் கேட்கிறார்கள், வீட்டில் தயங்குகிறார்கள். மாலையில் ஆண்கள் கூட்டமாக நிற்கும் இடத்துக்கு அனுப்பத் தயங்குவது எனக்கும் புரிகிறது. காலை பத்து மணிக்கு மேசை காலி. தங்கைமார் இருவர் மூவராகத் தாயோடோ அண்ணனோடோ வரலாம். பிலிப்பைன்ஸின் ரூபிலன் அமித் 2009இலும் 2013இலும் டென் பால் என்ற பூல் வகையில் பெண்கள் உலகப் பட்டத்தை எடுத்து, 2024இல் நைன் பால் என்ற வகையிலும் வென்றவர். அவரது ஆட்டத்தை அம்மாவுக்குக் கைபேசியில் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

ஒன்பதடி மேசைக்குப் போகும்போது

எப்போதாவது கொழும்பில் ஆடக் கிடைத்தால் அங்கே மேசை ஒன்பதடியாக இருக்கலாம். ஆடுதளம் 100க்கு 50 அங்குலம். நம்முடையது ஏறக்குறைய 78க்கு 39. குழியும் இறுக்கம். போனவுடன் பந்து போட அவசரப்படாதீர்கள். முதலில் வெள்ளையை மட்டும் வைத்து, எதிர்க் கட்டையில் பட்டுத் திரும்பி நம் பக்கத்துக் கட்டையை ஒட்டி நிற்குமாறு, வேகம் கைக்குப் பிடிபடும் வரை உருட்டுங்கள். போட்டியில் யார் தொடங்குவது என்பதையும் இந்த உருட்டல்தான் தீர்மானிக்கிறது. அடுத்து வளையத்தை இரண்டடி தூரத்தில் ஒட்டி நிறுத்தல் அடி, ஊரில் செய்ததைப் போலவே பத்துக்கு எட்டுக் கணக்கோடு. நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, மேலே குளிரூட்டப்பட்ட அறை, புதுத் துணி என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள். அந்த எண்களைக் கச்சான் நோட்டோடும் வாடை நோட்டோடும் சேர்க்க வேண்டாம். பக்கத்து மேசையில் யாராவது தனியாக நின்று ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தால், அவரிடம் போய் ஓர் ஆட்டம் கேளுங்கள்.